மிஸ் ஓசெல்லாவின் கீல் போன அடுப்பு

1998ஆம் ஆண்டு ஜூன் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு மிஸ் ஓசெல்லா மால்வோ, நார்சிஸ் குடும்பத்து வீட்டுக் கொல்லையின் வேலிக்கதவை இடுப்பால் இடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கையால் திறக்க வழியில்லை. இரண்டு கைகளிலும் தலைச்சாயம் வழியும் ரப்பர் உறைகள். வாயில் இரண்டு கொண்டை ஊசிகள். அவற்றைக் கடித்தபடியே அவர் போட்ட கூச்சல், டெரன்ஸ் ஹாட்நாட் பிடித்திருந்த, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரின் இரைச்சலையும் மீறி அவன் காதில் விழுந்தது.

"நிறுத்துடா! அதை நிறுத்து! ஐயோ மாதாவே, எல்லாம் போச்சே!"

டெரன்ஸ் இயந்திரத்தை அணைத்தான். அந்த அம்மாளை அவன் அதற்குமுன் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. அவன் மனைவி காமில், இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்காகத் தன் தந்தையை ஹூஸ்டனுக்கு அழைத்துப் போகும்போது அவனிடம் இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியிருந்தாள். குளியலறைக் குழாயை வலப்பக்கம் திருப்பாதே என்பது ஒன்று. மற்றது எதிர்வீட்டு மிஸ் ஓசெல்லாவைப் பற்றியது; மூத்த பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். "நல்லவங்கதான். ஆனா அவங்க காதுல ஒண்ணு விழுந்தா, சாயங்காலப் பூசைக்குள்ள சாமியார் வரைக்கும் போயிரும்."

அந்த மிஸ் ஓசெல்லாதான் இப்போது அவன் எதிரில் நின்று, திறந்து கிடந்த புகையடுப்பின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கழித்துப் போட்ட தடித்த குழாயை வெட்டி, டெரன்ஸின் மாமனார் லூசியஸ் நார்சிஸும் அவருடைய தம்பி எமிலும் இளவயதில் சேர்ந்து செய்த அடுப்பு அது. படுக்கவைத்த பீப்பாயைப் போல நீண்ட வயிறு, அதன் ஒரு புறம் சற்றுத் தாழ்வாகக் கரிப்பெட்டி, மறுபுறம் புகைபோக்கி. கரிப்பெட்டியில் கரியும் ஓக் விறகும் கனல, சூடும் புகையும் மட்டும் வயிற்றுக்குள் புகுந்து மாட்டு நெஞ்சுக்கறியை மணிக்கணக்கில் மெல்ல வேகவைத்து வெளியேறும். எமில் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுப்பின் உட்புறத்தில் மட்டும் அந்தச் சகோதரர்கள் மூட்டிய நெருப்பெல்லாம் படிந்து, தார்போலக் கறுத்து, கண்ணாடிபோல மின்னியது. நேற்றுவரை மின்னியது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அந்த வயிறு கடையிலிருந்து வந்த தகரத்தைப் போல வெளுத்திருந்தது.

"என்னத்தைப் போட்டுக் கழுவினே?"

"பிசுக்கு எடுக்கிற மருந்துங்க. நேத்தே பூசி ஊற வெச்சுட்டேன். உள்ள அவ்ளோ அழுக்கு, செதில் செதிலா உரிஞ்சு தொங்கிச்சு..."

"அழுக்கா?" மிஸ் ஓசெல்லா வாயிலிருந்த ஊசிகளைத் துப்பினார். "கண்ணு, அது அழுக்கில்ல. அது லூசியஸ். அவனும் அவன் தம்பியும் கல்யாணம், சாவு, திருவிழான்னு ஆக்கி ஆக்கி ஏத்தின கறுப்பு. நீ அதுக்கு ஷாம்பு போட்டு அலசிட்டு நிக்கிறே."

டெரன்ஸ் டல்லஸில் வளர்ந்தவன். அவன் பெற்றோர் வீட்டில் இருந்தது எரிவாயு அடுப்பு. துணியால் துடைத்தால் முகம் தெரியும். சுத்தம் என்றால் அதுதான் என்று அவன் நினைத்திருந்தான். அவனுடைய திருமணத்தன்று லூசியஸ் கையில் கோப்பையோடு எழுந்து நின்று, "எம்பொண்ணுக்கு நல்ல பையன்தான் கிடைச்சிருக்கான், ஆனா கறியை கேஸ்ல சுடுற ஊர்க்காரன்" என்று சொல்லி மண்டபத்தையே சிரிக்க வைத்தார். அன்றுமுதல் அவனுக்கு அந்த வீட்டில் பெயரில்லை. 'டல்லஸ்காரன்' என்பதோடு சரி. துறைமுகத்தில் மாலைமுறை வேலை கிடைத்து, தனி வீடு அமையும்வரை மாமனார் வீட்டிலேயே தங்குவது என்று முடிவான பிறகும் அது மாறவில்லை. ஹூஸ்டனுக்குப் புறப்படும்போது லூசியஸ் அவனிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "மழை வந்தா அடுப்பை மூடி வை."

மூடிவைப்பதோடு நிற்காமல், அடுப்பைப் புத்தம் புதிதாக்கிக் காட்டினால் கிழவர் ஒருமுறையாவது தன்னைப் பெயர் சொல்லி அழைப்பார் என்று டெரன்ஸ் கணக்குப் போட்டான். அந்தோனியார் திருவிழா பதின்மூன்றாம் தேதி. லூசியஸ் வீடு திரும்புவது அதற்கு முந்தைய நாள். ஊன்றுகோலோடாவது வந்து, திருவிழாவுக்கு அந்த அடுப்பில்தான் சமைப்பேன் என்று மருத்துவரிடமே அவர் சொல்லியிருந்தார்.

"என் மாமனாருக்கு இது தெரிஞ்சா," என்று டெரன்ஸ் தொடங்கினான்.

"தெரிஞ்சா உன்னை ஒண்ணும் செய்ய மாட்டான். ஒரு வார்த்தை பேச மாட்டான். சாகிறவரைக்கும் பேச மாட்டான். அது உனக்குத் தேவலையா?" என்று கேட்ட மிஸ் ஓசெல்லாவின் பார்வை, வேலியோரம் இருந்த ஒரு டப்பாவில் விழுந்தது. "அது என்ன?"

"வெள்ளி பெயிண்ட்டுங்க. சூடு தாங்கும்னு எழுதியிருக்கு. உள்ளேயும் வெளியேயும் ஒரு கோட்டு..."

"உள்ளேயுமா? நம்ம கோயில் சனம் மொத்தத்தையும் ஒரே நாள்ல அடக்கம் பண்ணலாம்னு பாக்குறியா?"

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, வெளுத்த இரும்பின்மேல் இளம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சு படரத் தொடங்கியது. வளைகுடாவின் உப்புக்காற்று, அந்தத் துறைமுக ஊரான போர்ட் ஆர்தரில் எந்த இரும்பையும் அம்மணமாக விட்டுவைக்காது. மிஸ் ஓசெல்லா விரலால் தொட்டுப் பார்த்து, ரப்பர் உறையில் ஒட்டிய துருவை அவன் முகத்துக்கு எதிரே நீட்டினார்.

"பாத்தியா? எண்ணெய் இல்லாத தலை. போ, வீட்ல இருக்கிற துண்டெல்லாம் எடுத்துட்டு வா. முதல்ல அந்த மருந்து போக நல்ல தண்ணியில அலசு, அப்புறம் ஒரு சொட்டு ஈரம் இல்லாம துடை. நான் தெல்மா தலையை அலசிட்டு வர்றேன். அரைமணிக்கு மேல விட்டா அவ தலையும் இதே கலருக்கு வந்துரும்."

மிஸ் ஓசெல்லாவை அறிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது அவருடைய வாயைப் பற்றித்தான். கார் நிறுத்தும் கொட்டகையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, இரண்டு நாற்காலியும் ஒரு தலை உலர்த்தியும் வைத்து அவர் நடத்திவந்த அழகுநிலையத்தில், தெருவின் பிறப்பு, இறப்பு, பிணக்கு எல்லாம் கூந்தலோடு சேர்ந்தே அலசப்படும். தன்னைப் பற்றிப் பேசுவதிலும் அவர் குறை வைத்ததில்லை. மூன்று மாவட்டத்தில் தன்னைப்போலச் சுருள் எடுக்க ஆளில்லை என்பார். தன் உருளைக்கிழங்குக் கலவைக்காக ஒரு பிஷப் இரண்டாம் முறை தட்டு நீட்டினார் என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் பீற்றிக்கொள்வது தன் புகையடுப்பைப் பற்றி. அவருடைய காலஞ்சென்ற கணவர் பெர்சி, கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், கப்பலுக்கான இரும்புத் தகட்டில் செய்து கொடுத்தது. "கப்பல் முழுகும். என் அடுப்பு முழுகாது," என்று அவர் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அந்தப் பேச்சில் மிகை இருந்தது. ஆனால் பொய் இல்லை. ஒரு புயலில் தெரு முழுதும் மின்சாரம் போய், எல்லார் வீட்டுக் குளிர்பெட்டியிலும் கறி உருகத் தொடங்கியபோது, பெக்கான் மரத்தோடு சங்கிலியால் கட்டியிருந்த தம் அடுப்பை அவிழ்த்து, வீடு வீடாகக் கறியைக் கேட்டு வாங்கி, விளக்கு வரும்வரை அறுபது வாய்க்கு ஆக்கிப் போட்டவர் அவர். தம் கூரையில் ஓட்டை இருந்ததை எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் ஏறிப் பார்த்தார்.

லூசியஸுக்கும் அவருக்கும் போட்டி எப்போது தொடங்கியது என்பதில் இருவருக்கும் இரண்டு கணக்கு. அந்தோனியார் திருவிழாவன்று கோயில் வளாகத்து ஓக் மரத்தடியில் அடுப்புகள் வரிசையாக நிற்கும். பங்குச் சாமியாரும் பீடப் பணியாளர் இருவரும் ருசி பார்ப்பார்கள். ஓர் ஆண்டு லூசியஸ் ஜெயித்தால் மறு ஆண்டு ஓசெல்லா. ஜெயித்தவர் அடுத்த திருவிழாவரை தோற்றவரைச் சும்மா விடுவதில்லை. ஆகவே லூசியஸின் அடுப்பு பாழானது மிஸ் ஓசெல்லாவுக்குக் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய பரிசு என்பதை டெரன்ஸ் நன்றாக உணர்ந்திருந்தான். கொல்லையில் துண்டோடு மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டே, எதிர்ச்சாரியில் சிரிப்புக் கிளம்பும் நேரத்துக்காக அவன் காதைத் தீட்டிக் காத்திருந்தான்.

சிரிப்பு எழவில்லை. தெல்மா லெடே தலை நிறைய சுருளோடு வாசற்படி இறங்கி, "அங்க என்ன ஓசெல்லா அவ்ளோ இரைச்சல்?" என்று கேட்பது மட்டும் கேட்டது.

"லூசியஸோட மருமகன் நடைபாதையைக் கழுவுறான். டல்லஸ்ல அப்படித்தானாம்."

சற்று நேரத்தில் மிஸ் ஓசெல்லா திரும்பி வந்தார். கையில் கம்பித் தூரிகை, உப்புத்தாள், உருக்கிய மாட்டுக் கொழுப்பு உறைந்திருந்த ஒரு பழைய வாளி. கொல்லையில் கவிழ்ந்து கிடந்த வேறொரு வாளியைத் தாமே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு வேலையெல்லாம் டெரன்ஸுடையது, ஏச்செல்லாம் அவருடையது. அவன் ஆரஞ்சுத் துருவைத் தேய்த்து எடுத்தான். கரி மூட்டி இரும்பைச் சூடாக்கினான். கை பொறுக்கும் சூட்டில் கொழுப்பைத் துணியால் தொட்டு உள்ளெல்லாம் பூசினான். பிறகு சிறு நெருப்பிலேயே அடுப்பைப் பழக்க வேண்டும். கொழுப்பு காய்ந்து இரும்போடு இரும்பாகும்வரை.

மறுநாள் காலையில், சீக்கிரம் கறுக்கட்டும் என்று டெரன்ஸ் கொழுப்பை அள்ளிப் பூசினான். அது ஆறியதும் ஈ ஒட்டும் பிசினாயிற்று.

"ஏன்டா, எண்ணெய்ன்னா காது வழியா வழியணுமா?" என்றார் மிஸ் ஓசெல்லா. "பூசினது தெரியக்கூடாது. பூசிட்டு, தப்பாப் பூசிட்டோம்னு நினைச்சு எல்லாத்தையும் துடைச்சு எடுக்கணும். அதுக்கு மேலயும் இருக்கும் பாரு, அதுதான் அளவு. சுரண்டு மறுபடியும்."

அவன் சுரண்டினான்.

"உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடுங்க?" என்று அன்று அவன் கேட்டே விட்டான். "அவர் தோத்தா உங்களுக்குத்தானே நல்லது?"

"அவன் தோக்கணும். என் கையால தோக்கணும். பிசுக்கு மருந்துகிட்ட தோக்கிறது என்ன தோல்வி?" நெருப்பைக் கிளறியபடி மிஸ் ஓசெல்லா தணிந்த குரலில் தொடர்ந்தார். "எமில் போனப்ப அவன் ஒருமாசம் இந்த அடுப்பை மூட்டல. திறந்து திறந்து மோந்து பாத்துட்டு மூடுவான். நான் எங்க ஜன்னல்லேருந்து பாத்திருக்கேன். இப்ப அவனுக்கு இடுப்பு புதுசு, மருமகன் புதுசு. அடுப்பாவது பழசா இருக்கட்டும்."

வியாழக்கிழமை பிற்பகல் மழை பிடித்தது. லூசியஸின் ஒரே கட்டளை டெரன்ஸுக்கு நினைவிருந்தது. தார்ப்பாயை அடுப்பின்மேல் போர்த்தி, தரைவரை இழுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு வேலைக்குப் போனான். மறுநாள் அவிழ்த்தால் உள்ளே வியர்த்துக் கொட்டியிருந்தது. கரிப்பெட்டியில் அள்ளாமல் விட்ட சாம்பல் ஈரத்தைக் குடித்துக் களியாகி, அதன் அடியில் இரும்பு சிவந்திருந்தது.

மிஸ் ஓசெல்லா அன்று கத்தவில்லை. அதுவே அவனுக்குக் கிலியாக இருந்தது. "ஈரத் தலையில பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி ராத்திரி முழுக்கக் கட்டி வெச்சா என்ன ஆகும்? நாறும். இரும்பும் மூச்சு விடணும் கண்ணு. சாம்பலை ஒரு ராத்திரி விட்டா அது தின்னுற வேகத்துக்கு மழையே தேவலை," என்று சொல்லிவிட்டுத் தம் வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

டெரன்ஸ் அன்றைக் காலை முழுவதும் அந்த ஒரு பிரச்சினையோடு உட்கார்ந்திருந்தான். கரிப்பெட்டியின் அடியைச் சுரண்டிக் கொழுப்புப் பூசினான். அடுப்பின் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கினான். புகைபோக்கியின் வாயில் காலியான காப்பி டப்பாவைக் கவிழ்த்தான். வெளிப்புறத்தை இளஞ்சூட்டில் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் துடைத்தான். தார்ப்பாய் மட்டும் இரும்பில் ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கொட்டகையில் கிடந்த உடைந்த மர ஏணியை எடுத்துவந்து, இரண்டு கட்டைகள் நட்டு, அடுப்புக்கு மேலே குறுக்காகப் படுக்கவைத்தான். அதன்மேல் போட்ட தார்ப்பாய் கூரைபோலச் சரிந்து நின்றது. மழை வழிந்தோடும், அடியில் காற்றும் புகுந்து வெளியேறும்.

மிஸ் ஓசெல்லா வந்து அதை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். "இதை யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலைங்க."

"ம்." தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "என் வீட்லயும் ஒரு ஏணி கிடக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை அந்தத் தெருவில் எவரும் வாங்கியதில்லை.

ஆயினும் கறுப்பு ஏறவில்லை. பூச்சு பிடித்திருந்தது, நிறம் பழுப்பிலேயே நின்றது. கொழுப்பும் புகையும் ஒன்றாகச் சேர்ந்து படிய வேண்டுமானால் அதில் சமைக்க வேண்டும். அதுவும் கொழுப்பு சொட்டும் கறியாக, நாள் தவறாமல். லூசியஸின் மூக்குக்குப் பழுப்பு போதாது. மிஸ் ஓசெல்லா ஒவ்வொரு சனிக்கிழமையும் தம் அடுப்பில் பன்றித் தோள்கறியும், பூண்டும் மிளகாயும் இடித்துப் போட்ட மாட்டு சாஸேஜும் வாட்டி, தட்டுக்கணக்கில் தெருவுக்கு விற்பது வழக்கம். அந்த வாரம் அவர் கறி மொத்தத்தையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். சமைத்ததும் லூசியஸின் ஓக் விறகில். சனிக்கிழமையோடு நிறுத்தாமல் அடுத்து வந்த நாள்களிலும் சமைத்தார்.

தெருவுக்குக் கண் இருந்தது. சனிக்கிழமை நண்பகலில் டெரன்ஸ் உப்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அழகுநிலையத்துக்குள் நுழைந்தபோது, தெல்மா நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்: "புகை லூசியஸ் கொல்லைலேருந்து வருது, தட்டு உங்க வீட்லேருந்து வருது. என்னதான் நடக்குது ஓசெல்லா?"

கத்தரிக்கோல் நின்றது. டெரன்ஸ் பாத்திரத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் உயிர் அந்த அம்மாளின் நாக்கு நுனியில் இருந்தது.

"என் அடுப்புக் கதவோட கீல் போச்சு," என்றார் மிஸ் ஓசெல்லா.

உலர்த்திக்கு அடியில் இருந்தவள்கூடத் தலையை வெளியே நீட்டினாள்.

"உன் அடுப்பா? கப்பல் இரும்பு அடுப்பா?" என்றாள் தெல்மா.

"இரும்புதானே தெல்மா. போகத்தான் செய்யும். தலையை ஆட்டாதே, காது போயிரும்."

அன்று மாலைப் பூசைக்குள் அந்தச் செய்தி சாமியாரை எட்டியது. காமில் எச்சரித்தது பலித்துவிட்டது. ஆனால் போய்ச் சேர்ந்த செய்தி வேறு. உண்மையில் மிஸ் ஓசெல்லாவின் அடுப்புக் கதவு, அதைத் திறந்து பார்த்த டெரன்ஸுக்குத் தெரியும், ஒற்றை விரலால் தள்ளினால் ஓசையின்றித் திரும்பும்.

பன்னிரண்டாம் தேதி பிற்பகல் காமிலின் கார் வந்து நின்றது. லூசியஸ் வீட்டுக்குள் போகவில்லை. நான்கு கால் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நேராகக் கொல்லைக்குப் போனார். ஏணிமேல் சரிந்திருந்த தார்ப்பாயைப் பார்த்தார். டெரன்ஸ் அதை விலக்கினான். கிழவர் அடுப்புக் கதவைத் தூக்கி, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்தார். உள்ளே கறுப்பு இருந்தது. மெலிதாக, ஆனால் ஓரம்வரை. நெடுநேரம் அவர் தலையை வெளியே எடுக்கவில்லை.

"யாரோ இதுல ஆக்கியிருக்காங்க," என்றார் லூசியஸ். "பூண்டு அடிக்குது. புது வாடை. என் விறகும் பாதியாயிருக்கு. டல்லஸ்காரா, என்ன நடந்துச்சு இங்க?"

டெரன்ஸ் வாயைத் திறந்தான். உண்மையைத்தான் சொல்லப்போனான், அதைத் தவிர அவனிடம் வேறெதுவும் இல்லை. அதற்குள் வேலிக்கதவு இடிபட்டுத் திறந்தது.

"அவனை ஏன் மிரட்டுறே? நான்தான் ஆக்கினேன். என் அடுப்புக் கதவுக்குக் கீல் போச்சு. உன் மருமகன் கிட்ட கேட்டேன், குடுத்தான். உன் விறகையும் எரிச்சேன். இப்ப என்னங்கிறே?"

லூசியஸ் அடுப்பை மறந்தார். "என்ன போச்சு?"

"கீலு."

"மறுபடியும் சொல்லு."

"காது இடுப்புலயா இருந்துச்சு, அறுத்து எடுக்க? கீல் போச்சுங்கிறேன்."

"காமில்!" என்று கிழவர் வீட்டைப் பார்த்துக் கூவினார். "ஒரு நாற்காலி கொண்டாம்மா! இதை நான் உக்காந்து கேக்கணும்! கப்பல் முழுகிருச்சாம்! கப்பல் முழுகி, என் கரையில வந்து ஒதுங்கிருக்கு!" வலியை மறந்து அவர் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் ஆடியது. மிஸ் ஓசெல்லா இடுப்பில் கைவைத்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்தபின் லூசியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தார்ப்பாய்ப் பக்கம் திரும்பினார். "இந்த ஏணி யாரு யோசனை?"

"அது அவனுது," என்றார் மிஸ் ஓசெல்லா. "அதுல எனக்குப் பங்கில்ல."

"ம். ஒரு பொட்டுத் துரு இல்ல," என்று ஒப்புக்கொண்ட கிழவர், "டெரன்ஸ், கரி மூட்டு. நாளைக்கு நிறைய வேலை இருக்கு," என்றார்.

மறுநாள் ஓக் மரத்தடியில் லூசியஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆணையிட்டார். டெரன்ஸ் கரி அள்ளினான். மிஸ் ஓசெல்லா தம் அடுப்பைக் கொண்டுவரவில்லை. கீல் போன அடுப்பைக் கொண்டுவர முடியாதல்லவா? உருளைக்கிழங்குக் கலவை மட்டும் கொண்டுவந்தார். லூசியஸின் நெஞ்சுக்கறிதான் ஜெயித்தது. அவர் ஊன்றுகோலில் எழுந்து நின்று, இந்த ருசி தம்முடையதல்ல, தம் தம்பி எமில் மூட்டிய முதல் நெருப்பிலிருந்து அடுப்பில் ஏறிய கறுப்பின் ருசி என்று சொன்னார். முதலில் கைதட்டியவர் மிஸ் ஓசெல்லா.

அன்று மாலை, பாத்திரம் கழுவுமிடத்தில் டெரன்ஸ் அவரிடம் போய் நின்றான். "உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன், மிஸ் ஓசெல்லா."

"பட்டிருக்கே. சும்மா விட மாட்டேன். வேணுங்கிறப்ப கேப்பேன்."

காமிலிடம் அவன் அன்றே எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள். எமிலைப் பற்றி அப்பா பேசியதை நினைத்துப் பிறகு அழுதாள். அப்பாவிடம் மூச்சு விடாதே என்றாள்.

லூசியஸ் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டும் கீலைவிட்டு இறங்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், "கதவு பத்திரம் ஓசெல்லா, கழண்டு விழுந்துறப் போகுது," என்பார். கிறிஸ்துமஸுக்குப் பொட்டலம் கட்டி ஒரு பித்தளைக் கீல் பரிசளித்தார். மிஸ் ஓசெல்லா மறு ஆண்டே அவரைத் தோற்கடித்தார், அதற்கடுத்த ஆண்டும். ஆனாலும் ஊர் பேசியது கீலைத்தான். வாய்க்கு வாய் கொடுப்பதில் எவருக்கும் சளைக்காதவர், அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. ஒருமுறை, மரத்தடியில் யாருக்கு எந்த இடம் என்று கோயில் பங்குக்கூட்டத்தில் சண்டை முற்றி, "நீ எனக்கு என்னிக்கு என்ன நல்லது செஞ்சிருக்கே ஓசெல்லா?" என்று லூசியஸ் சபை நடுவில் கேட்டார். மிஸ் ஓசெல்லாவின் வாய் திறந்தது. டெரன்ஸ் பின்வரிசையில் இருந்தான். அவர் அவன் பக்கம் பார்க்கவே இல்லை. "ஒண்ணும் செய்யலை. இனிமே செய்யப்போறதும் இல்ல. நிழல் இடம் எனக்குத்தான்," என்று சொல்லி உட்கார்ந்தார்.

மிஸ் ஓசெல்லாவின் கூரையைப் புயல் பிய்த்தபோது டெரன்ஸ் ஓடிப்போய் வேய்ந்தான். அன்றே அவர் அவன் பிள்ளைகளுக்கெல்லாம் முடி வெட்டி, ஒரு பெக்கான் பணியாரமும் கையில் கொடுத்து, "இதுக்கு அது சரியாப் போச்சு. பழசு அப்படியே நிக்குது," என்றார். எப்போது எது செய்தாலும் அப்படித்தான். உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

லூசியஸ் ஒரு தவக்காலத்தில் காலமானார். அடக்கம் முடிந்து கோயில் மண்டபத்தில் நடந்த சாப்பாட்டுக்கு, அவர் அடுப்பில் அவருடைய முறைப்படி டெரன்ஸ்தான் சமைத்திருந்தான். இனி மறைக்க யாரும் இல்லை. அவன் எதிரிலேயே மிஸ் ஓசெல்லா தட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த தெல்மா, செத்தவரைப் பற்றிய கதைகளின் ஓட்டத்தில், குறும்பாகவே கேட்டாள்: "இப்பவாவது உண்மையைச் சொல்லு ஓசெல்லா. அந்த வருசம் உன் அடுப்புக் கீல் நெசமாவே போச்சா?"

மிஸ் ஓசெல்லா வாயிலிருந்த கறியை மென்று விழுங்கினார். டெரன்ஸ் நிமிர்ந்து, சொல்லுங்கள் என்பதுபோல அவருக்குத் தலையசைத்தான்.

"போச்சு," என்றார் அவர். "ரெண்டு கீலும் போச்சு. லூசியஸ் அடுப்பு இல்லேன்னா அந்த வாரம் நான் நாறியிருப்பேன்." பிறகு தட்டை டெரன்ஸ் பக்கம் நீட்டி, இன்னும் இரண்டு துண்டு கேட்டார். அந்தப் பழைய கடனுக்கு அதைத் தவிர அவனிடம் அவர் எதையும் கேட்டதில்லை.